மலைக்கு ஒரே ஒரு மாதம்தானா?

பங்குனி பிறந்து வெயில் முதுகில் அறைய ஆரம்பித்ததும், “எங்கேயாவது குளிர்ச்சியான இடத்துக்கு நாலு நாள் போய் வரலாமே!” என்று ஒரு குரல் எழாத வீடு பட்டணத்தில் உண்டா? குரல் கொடுப்பவர் வீட்டு எஜமானராக இருக்கலாம். பரீட்சை முடியப் போகிற குதூகலத்தில் இருக்கும் குழந்தைகளாக இருக்கலாம். குரல் யாருடையதாக இருந்தாலும், மூட்டை கட்டுகிற கை யாருடையது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“எங்கே போகலாம்?” என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: ஊட்டி. “எப்போது போகலாம்?” என்று யாரும் கேட்பதே இல்லை. மே மாதம் என்று பஞ்சாங்கத்திலேயே அச்சடித்து வைத்தது போல் அப்படி ஒரு நிச்சயம்! “வேறு மாதத்தில் போனால் என்னவாம்?” என்று ஒரு நாள் நான் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

“மே மாதம்தானே சீசன்?” என்றார்.

“சீசன் யாருக்கு? நமக்கா, மலைக்கா?” என்றேன்.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு, சென்ற சில வருஷங்களில் ஆடியில் ஒரு தரம், புரட்டாசியில் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம் என்று நீலகிரிக்குப் போய் வந்துவிட்டேன். அவரும் கூடத்தான் வந்தார்! பார்த்ததையும் கேட்டதையும் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வருஷத்தில் ஒரு தடவை அடுப்பங்கரைக்கு விடுமுறை கிடைப்பது நம் போன்றவர்களுக்குச் சின்ன விஷயமா? அந்த நாலு நாளும் மலைப்பாதையில் வண்டிக்குள் உட்கார்ந்தே கழிந்துவிட்டால், அந்த நஷ்டத்தை யாரிடம் போய் முறையிடுவது?

முதலில் இந்தச் ‘சீசன்’ என்பது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1819-ம் வருஷம் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்ற துரை இந்த மலைக்கு ஏறி வந்தார். அவர் முதலில் வீடு கட்டிக்கொண்டது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிக்குப் பக்கத்தில். பிறகுதான் உதகைக்குப் போனார். அங்கே கல் பங்களா எழுந்தது, ஏரி உண்டாயிற்று. நாளடைவில் சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடை வந்ததும் கோப்பும் குமாஸ்தாவுமாக உதகைக்குக் குடி பெயர ஆரம்பித்தது. சென்னை வெயில் தாங்காதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. துரைமார்கள் கப்பலேறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் போட்ட கணக்கு மட்டும் நம் வீட்டுக் காலண்டரில் தங்கிவிட்டது. அவர்களாவது மாதக் கணக்கில் தங்கினார்கள். நாம் மூன்று நாளில் முப்பது இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அல்லவா ஓடுகிறோம்!

மலையிலேயே பிறந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. தோடர்கள் எருமை மேய்ப்பவர்கள். வருஷம் முழுவதும் அவர்கள் ஒரே மந்தில் இருந்துவிடவில்லை. மழை விட்டுப் புல் காய்கிற காலத்தில், எருமைகளை ஓட்டிக்கொண்டு, ஈரமும் புல்லும் மிஞ்சியிருக்கும் குந்தா பக்கத்து மலைகளுக்குப் போவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். ஒரே மலை, ஆனால் எந்தப் பருவத்துக்கு எந்தப் பக்கம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், நம் தொல்காப்பியம் என்ன சொல்கிறது? குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்கிறது. அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. மலை என்றால் குளிர்காலம் என்பதுதான் தமிழர் வகுத்த கணக்கு. சித்திரையும் வைகாசியும் அதில் இல்லவே இல்லை!

இதைச் சொன்னதும், “மே மாதத்தில் மலை அழகாக இல்லையா?” என்று நீங்கள் சண்டைக்கு வரக்கூடாது. அழகுதான். உதகை அரசினர் தாவரவியல் பூங்காவில் 1896-ம் வருஷம் தொடங்கிய மலர்க் கண்காட்சி இன்றும் மே மாதத்தில்தான் நடக்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி; ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி; கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி. பிளம்ஸும் பீச்சும் கூடை கூடையாக வருவதும் அந்தச் சமயத்தில்தான். பூவும் பழமும் குறைவில்லை. குறைவது வேறு இரண்டு: இடமும் தண்ணீரும்.

இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், ஹைகோர்ட்டே சொல்லியிருக்கிறது. மலை தாங்காது என்று கருதி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு 2024 மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் ஏற்பாடு வந்தது. 2025 கோடையில் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று வரம்பு கட்டினார்கள். வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டாலும் வார நாளில் 24,000 பேர். சனி ஞாயிறில் 32,000 பேர். கட்டுப்படுத்திய பிறகு இருக்கிற கணக்கு இது என்றால், கட்டுப்படுத்தாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னவர் ஹைகோர்ட் நீதிபதி அல்ல. குன்னூரில் பேரிக்காய் விற்கும் ஒரு அம்மாள்.

ஆடி மாதத்தில் நாங்கள் போயிருந்தபோது சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற வழியில் கூடையுடன் உட்கார்ந்திருந்தார். அரைக் கிலோ நிறுத்துக்கொண்டே, “மே மாசத்துல வராம இப்ப வந்திருக்கீங்க. நல்லதுங்கம்மா” என்றார்.

“ஏன், மே மாதத்தில் வந்தால் உங்களுக்கு வியாபாரம் நன்றாக நடக்குமே?” என்று கேட்டேன்.

“யாவாரம் நடக்குங்க. ஆனா ராத்திரி தண்ணிக்கு முழிச்சிருக்கணும், பகல்ல கூடைகிட்ட உக்காரணும். எங்க தெருக் குழாயில அப்பல்லாம் பத்து நாளைக்கு ஒரு வாட்டிதாங்க தண்ணி. லாட்ஜுக்கெல்லாம் லாரியில போயிரும். நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறணும்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்படியானால் நாங்கள் யாரும் வராமல் இருந்தால்தான் நல்லது என்கிறீர்களா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லிராதீங்கம்மா! நீங்க வராட்டி இந்தக் கூடையை யாரு வாங்குவா? எல்லாரும் ஒரே மாசத்துல வராதீங்க, வருசம் பூரா வாங்கன்னுதானே சொல்றேன்? மே மாசம் எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. ஆடி மாசம் சாப்பாட்டுக்கு வழியில்லை.”

சொல்லிவிட்டு, நிறுத்த பழத்தின் மேல் இன்னும் இரண்டு பேரிக்காயை எடுத்துப் போட்டார். ஆயிரம் பக்கத்தில் எழுத வேண்டிய விஷயத்தை அந்த அம்மாள் இரண்டு வரியில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அவர் சொன்னதில் உள்ள நியாயத்தைக் கொஞ்சம் பாருங்கள். நீலகிரியின் உச்சியில் பழைய நாளில் இருந்தவை புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலைக் காடும். மழையைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுவது அவற்றின் வேலை. புல்வெளியில் பெரும் பகுதி யூகலிப்டஸ் தோப்பாகவும் சீகை மரக் காடாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறிவிட்டது. எஞ்சியிருக்கிற சோலை தருகிற தண்ணீரும் சித்திரை, வைகாசியில்தான் மிகவும் மெலிந்து ஓடும். தென்மேற்கு மழை இறங்க ஜூன் மாதம் ஆகும். அதாவது மலையே தாகத்தால் தவிக்கும் நேரம் பார்த்து நாம் விருந்தாடியாகப் போய் நிற்கிறோம்! தண்ணீர் வராத நாளில் விருந்தாளி வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, மே மாதத்தை விட்டால் எப்போது, எங்கே போவது? நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஆடி, ஆவணியில் கோத்தகிரியும் குன்னூரும். “மழைக்காலத்தில் மலையா?” என்று என் நாத்தனார் மோவாயில் கையை வைத்தாள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தென்மேற்குப் பருவ மழை மேற்கிலிருந்து வருகிறது. நடுவட்டம், கூடலூர், அவலாஞ்சி இவையெல்லாம் மேற்குப் பக்கம். அங்கேதான் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் 2,637 மீட்டர், அதாவது சுமார் 8,650 அடி உயரத்துக்குத் தொட்டபெட்டா மதில் போல் நிற்கிறது. அந்த மதிலுக்குக் கிழக்கே ஒண்டியிருக்கும் ஊர் கோத்தகிரி. மேற்கே பேய் மழை பெய்யும்போது இங்கே வெறும் தூறலும் மேகமும்தான். சல்லிவன் துரை முதலில் இந்தப் பக்கம் வீடு கட்டியதை நினைத்தால், மனிதர் விவரம் தெரிந்தவர் என்று தோன்றுகிறது.

மேகம் வாசல்படி வரை வந்து எட்டிப் பார்க்கும். தேயிலை பச்சென்று தளிர் விட்டிருக்கும். லாங்வுட் சோலையின் ஓரமாக நடந்தால் தவளையும் பூச்சியும் பாடுகிற கச்சேரி காதில் விழும். மேகம் விலகினால் கோடநாடு காட்சி முனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். விலகாவிட்டால் சூடாகத் தேநீரும் வறுக்கியும் இருக்கவே இருக்கின்றன. போகிற வழியில் குன்னூர்ச் சாலையில் பர்லியாறு என்ற சிற்றூர் வருகிறது. அங்கே இந்த மாதங்களில் மங்குஸ்தான் பழம் பழுக்கும். கருஞ்சிவப்புத் தோலை அமுக்கிப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று சுளை.

அடுத்தது புரட்டாசி, பள்ளிக்கூடங்களில் காலாண்டுப் பரீட்சை முடிந்து கிடைக்கிற லீவு. உதகையில் இதை இரண்டாம் சீசன் என்கிறார்கள். மழையில் குளித்த மலை பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு நிற்கிறது. தாவரவியல் பூங்காவில் ஆயிரக் கணக்கான தொட்டிகளில் மறுபடியும் பூக்களை அடுக்கி வைக்கிறார்கள். மே மாதத்துக் கூட்டத்தில் பாதி கூட இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனோம். அவருக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலி வேறு. “கூட்டத்தில் என்னால் ஆகாது. நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று வருஷா வருஷம் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஓர் ஆசை, பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும் என்பது. இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து குட்டி ரயில். குன்னூர் வரை இந்த ரயில் 1899-லும், உதகை வரை 1908-லும் வந்தது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போல் ஆகும். அவசரக்காரர்களுக்கான வாகனம் அல்ல! என் மாமியாரோ அந்த ஐந்து மணி நேரமும் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். “எழுந்திரு, எழுந்திரு” என்று அவரை விரட்ட யாரும் இல்லை. இடத்துக்குக் காத்து நின்றவர்களும் இல்லை. திரும்பி வரும்போது, “பூவெல்லாம் அழகுதான். ஆனால் அந்தப் பெஞ்சு காலியாக இருந்ததே, அதுதான் எனக்குப் பெரிசு” என்றார். வயதானவர்கள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை முடியும் வரை மலைப் பக்கம் போகாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தொல்காப்பியர் கூதிரைச் சொன்னார், வாஸ்தவம். ஆனால் அக்காலத்துத் தலைவன் நடந்து வந்தான். நாம் குழந்தை குட்டிகளுடன் வண்டியில் போகிறோம். வடகிழக்குப் பருவ மழை கிழக்கிலிருந்து வருகிறது. ஆடியில் ஒதுங்க இடம் தந்த கோத்தகிரியும் குன்னூரும் இப்போது நேராக அடி வாங்கும். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். சாலையும் ரயில் பாதையும் அறுந்துபோயின. ‘லாட்ஜில் அறை மலிவாகக் கிடைக்கிறதே’ என்று யாராவது ஆசை காட்டினால் மயங்க வேண்டாம். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்பதற்காகவும் போக வேண்டாம். போன பணம் மறுபடி வரும்.

மழை ஓய்ந்ததும் மார்கழி, தை, மாசி. எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுதான். அரையாண்டு லீவில் உதகைக்குப் பக்கத்துத் தலைகுந்தாவுக்குக் காலை ஆறு மணிக்கே போனோம். புல்வெளி முழுவதும் யாரோ கோலப் பொடியைச் சலித்துத் தூவிவிட்டது போல் வெள்ளையாக இருந்தது. என் பெண் காலணியால் மெதுவாக மிதித்துப் பார்த்தாள். நொறுக் நொறுக் என்று சத்தம். உறைபனி! வெயில் ஏறி அரை மணியில் அத்தனையும் பனித்துளியாகிவிட்டது. பகலெல்லாம் நீல வானம், இதமான வெயில். தூரத்து மலைகள் கையெட்டும் தூரத்தில் இருப்பது போல் தெளிவாகத் தெரிகின்றன.

மேகம் இல்லாத இரவில் பூமியின் சூடு போர்வை இல்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் உறைபனி பள்ளத்தாக்கில் கடுமையாகவும் சரிவில் லேசாகவும் இருக்கிறது. குளிர்காலத்தில் அறை எடுப்பதானால் சரிவில் எடுங்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும் இந்தப் பனி தேயிலை விவசாயிக்கு வேதனை. செடிகள் கருகிவிடாதபடி இலை தழைகளைப் போட்டு மூடி வைக்கிறார்கள்.

இதே நாட்களில் படகர்கள் ஹெத்தையம்மன் பண்டிகை கொண்டாடுகிறார்கள். பேரகணி முதலிய ஊர்களில் ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தித் திரளுவதைப் பார்த்தால் உறைபனியே எழுந்து நடந்து வருகிறதோ என்று தோன்றும். தொட்டபெட்டாப் பக்கம் காட்டுப் பூவரசு இரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும். இந்தக் குளிரில் பறிக்கிற தேயிலைக்கு வாசனை அதிகம் என்று அதற்குத் தனி மதிப்பும் உண்டு.

கடைத்தெருவுக்குப் போனால் தோடர் சால்வையைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் தோடப் பெண்கள் போடும் பூவேலை அது. கோடு வரைந்துகொள்வதில்லை, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். இருபுறமும் உபயோகிக்கலாம். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சகோதரிகளே, அங்கே பேரம் பேச வாய் வரும்போது, ஒரு சால்வைக்கு எத்தனை இழை எண்ணியிருப்பாள் என்று நாமும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

பங்குனியில் ஜகரண்டா மரங்கள் ஊதாப் பூக்களைக் கொட்ட ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாத வீட்டாருக்கு அது நல்ல சமயம்.

“அதெல்லாம் சரி, எங்கள் வீட்டுக்காரருக்கு மே மாதத்தில்தான் லீவு கிடைக்கும்” என்கிறீர்களா? போங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் சனி, ஞாயிறை விட்டுச் செவ்வாய், புதனில் போங்கள். இ-பாஸ் விதி அப்போதைக்கு என்னவென்று புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் அந்தக் கவலையே இல்லை. தங்குவதைக் கோத்தகிரியில் வைத்துக்கொண்டு உதகையைக் காலையிலேயே பார்த்துவிட்டு வந்துவிடலாம். அறையில் குழாயைத் திறக்கும்போது மட்டும், மேடு ஏறுகிற அந்தக் குடத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். மலை ஊரில் ஒரு வாளித் தண்ணீரில் குளித்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த மாதத்தில் போனாலும் மறக்கக் கூடாத சில விஷயங்கள்:

ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி குளிர்ச்சி என்பது கணக்கு. மேட்டுப்பாளையம் ஆயிரம் அடி. குன்னூரும் கோத்தகிரியும் ஏறக்குறைய ஆறாயிரம். உதகை ஏழாயிரத்து முந்நூறுக்கு மேல். கைக்குழந்தையும் முதியவர்களும் இருந்தால் முதல் இரவைக் குன்னூரில் கழித்துவிட்டு மறுநாள் மேலே போவது உடம்புக்கு இதம்.

குளிருக்குப் பயந்து, மூடிய அறைக்குள் கரியடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு யாரையும் தூங்கவிடாதீர்கள். கரி எரியும்போது உண்டாகும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

வண்டி ஓட்டுகிறவர் மலைப்பாதைக்குப் பழக்கமில்லாதவரானால், எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு 2000-களின் தொடக்கத்திலிருந்தே தடை. துணிப்பையும் வீட்டிலிருந்து எவர்சில்வர் கூஜாவும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. ‘காட்டேஜில் அடுப்பு இருக்கிறது, ஹோட்டல் செலவு மிச்சம்’ என்று யாராவது யோசனை சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்! ஊர் மாறி, கரண்டி மாறாவிட்டால் அதற்குப் பேர் விடுமுறை அல்ல. கூட்டமில்லாத மாதத்தில் அறை வாடகையில் மிச்சமாகிற பணம் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குத் தாராளமாகப் போதும். இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் கூட மறுபேச்சுப் பேசவில்லை.

புதுக் காலண்டர் மாட்டியதும் முதல் வேலையாகக் காலாண்டு லீவும் அரையாண்டு லீவும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்த்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பல்சக்கர ரயிலில் இடம் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் கிடைக்கும். நீங்கள் போகிற சமயம் ஆடியோ ஆவணியோ ஆனால், சிம்ஸ் பூங்கா வழியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம் ஒரு கிலோ பேரிக்காய் வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். அவர் தாமாகவே இரண்டு கூடப் போடுவார்.